தாடி வச்ச போலீசும் செத்துப்போன பையன் பேரும்

போக்கிரி படத்தை டிவியில எத்தனை தடவை போட்டாலும் விஜய் ஐ.பி.எஸ். அதிகாரின்னு தெரியிற இடம் வரைக்கும் பார்த்துட்டுத்தான் எந்திரிப்பேன். நம்ம சினிமாவுல அண்டர்கவர் போலீஸ்னா கதை அவ்வளவுதானே மக்களே. ரவுடிக் கூட்டத்துல சேருவார், நாலு பேரைப் போட்டுத் தள்ளுவார், கடைசியில காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்லோமோஷன்ல நடந்து வருவார். அவர் வச்சிருந்த பொய்ப் பேரு எங்கேருந்து வந்துச்சு, அந்தப் பேரை நம்பிப் பழகினவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு நாம கேக்கறதே இல்ல. படம் முடிஞ்சிடுது, வீட்டுக்குப் போயிடறோம்.

இந்த ரெண்டு கேள்விக்கும் லண்டன் போலீஸோட வரலாறு பதில் வச்சிருக்கு. படிக்க ஆரம்பிச்சப்போ ஏதோ ஜேம்ஸ்பாண்ட் சமாச்சாரம்னு நினைச்சேன். அப்படி இல்ல.

கொஞ்சம் பின்னாடி போய் கொசுவத்தி சுத்திட்டு வருவோம். 1829ல ராபர்ட் பீல் லண்டன் போலீஸை ஆரம்பிச்சப்போ ஜனங்களுக்கு அதைப் பார்த்து பயம். காரணம் பக்கத்து நாடு. பிரான்ஸ்ல விடோக்-னு ஒரு முன்னாள் கைதி, திருடங்களையே ஆளா வச்சு திருடனைப் பிடிக்கிற ஒரு ரகசியப் படையை நடத்தியிருந்தார். அந்த மாதிரி ஒட்டுக்கேக்கிற கூட்டம் நமக்கு வேணாம்னு இங்கிலாந்துக்காரங்க அடம் பிடிச்சாங்க. அதனாலதான் போலீஸ்காரருக்கு நீலக் கோட்டு, உயரமான தொப்பி. நூறு அடி தள்ளி வந்தாலும் போலீஸ்னு தெரியணும், அதான் கணக்கு.

இந்தக் கணக்கு நாலு வருஷம் கூடத் தாங்கல. வில்லியம் போப்பேன்னு ஒரு சார்ஜெண்ட். எல்லாருக்கும் ஓட்டுரிமை கேட்டுக்கிட்டிருந்த உழைக்கும் மக்களோட அரசியல் சங்கம் ஒண்ணுல மஃப்டியில போய்ச் சேர்ந்தார். தொழில் என்னன்னு கேட்டதுக்கு ஓவியர்னு சொன்னார், வருமானம் இல்லாம கஷ்டப்படறதா சொன்னார். பாவம்னு சங்கத்து ஆளுங்க அவரை வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாங்க. சும்மா உக்காந்து கேட்டுட்டு வந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா மனுஷன் தீர்மானம் எழுதும்போது "இது பத்தாது, இன்னும் காட்டமா எழுதுங்க"ன்னு ஏத்திவிட்டார். வாள் சுத்தக் கத்துக்கொடுக்கறேன்னு வேற சொன்னார். ஒருநாள் ஒரு போலீஸ் ஸ்டேஷன்ல அவர் மேசை முன்னாடி உக்காந்து எழுதிக்கிட்டிருந்ததை சங்கத்து ஆள் ஒருத்தர் பார்த்துட்டார். மாட்டினார்.

சங்கத்துக்காரங்க நேரா பாராளுமன்றத்துக்கு மனு போட்டாங்க. 1833ல ஒரு கமிட்டி விசாரிச்சு போப்பே செஞ்சது ரொம்பத் தப்புன்னு சொல்ல, அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. ஒழுங்காக் கண்காணிக்கலன்னு மேலதிகாரிகளுக்கும் ஒரு குட்டு. குற்றவாளியைப் பிடிக்க அவசியம்னா மஃப்டியில போகலாம், அதுக்கு மேல கூடாது. 1833லயே தெளிவா சொல்லியாச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அதுக்கப்புறம் 1842ல எட்டே எட்டு பேரோட துப்பறியும் பிரிவு வந்துச்சு. 1883ல, ஐரிஷ்காரங்க வச்ச குண்டுகளுக்காக ஸ்பெஷல் ஐரிஷ் பிராஞ்ச் வந்துச்சு. நாளாவட்டத்துல 'ஐரிஷ்' உதிர்ந்து வெறும் ஸ்பெஷல் பிராஞ்ச் ஆச்சு. நேரா 1968க்கு வந்துடறேன்.

அந்த வருஷம் மார்ச் 17. வியட்நாம் போரை எதிர்த்து லண்டன் குரோவ்னர் சதுக்கத்துல இருந்த அமெரிக்கத் தூதரகத்து முன்னாடி பெரிய கூட்டம். கல்லெறி, குதிரைப்படை, தடியடி, 200க்கு மேல கைது. அக்டோபர்ல இன்னொரு ஊர்வலம் வரப்போகுதுன்னதும் அரசாங்கத்துக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரி கான்ராட் டிக்சன் ஒரு யோசனை சொன்னார். கொஞ்சம் போலீஸ்காரங்களை முடி வளர்க்க விட்டு, போராட்டக் குழுக்களுக்குள்ளயே குடி வச்சுடலாம். ஊர்வலம் அக்டோபர் 27ல பெருசா ஒண்ணும் ஆகாம முடிஞ்சுது. படையைக் கலைச்சிருக்கணும் இல்லையா? கலைக்கல. அந்த ஒரு ஊர்வலத்துக்காக ஆரம்பிச்சது 2008 வரைக்கும், 40 வருஷம் ஓடிச்சு. ஐடி கம்பெனியில வேலை பாக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. "டெம்பரரி ஃபிக்ஸ்"னு போட்ட கோடுதான் நாம ரிசைன் பண்ணிட்டுப் போன பிறகும் புரொடக்ஷன்ல ஓடிக்கிட்டிருக்கும் :-)

அந்தப் படைக்கு ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாடுன்னு பேரு. போலீஸ் உள்வட்டத்துல 'ஹேரீஸ்', அதாவது முடிக்காரனுங்க. தாடி, நீள முடி, கிழிஞ்ச ஜீன்ஸ். மத்த மஃப்டி போலீஸ் சாயங்காலம் வீட்டுக்குப் போவாங்க, இவங்க போக மாட்டாங்க. ஒரு சின்ன ரூம் எடுத்து, ஒப்புக்கு ஒரு வேலை வச்சுக்கிட்டு, நாலஞ்சு வருஷம் அந்தப் பொய்ப் பேர்லயே வாழ்வாங்க. வாரத்துல ரெண்டு நாள் ஒரு ரகசிய ஃபிளாட்ல கூடி அதிகாரிங்ககிட்ட விவரம் சொல்வாங்க. அங்க கூட ஒருத்தரும் சவரம் பண்ணியிருக்க மாட்டாங்க.

நிறைய பேர் வேன் வச்சிருந்தாங்க. இது செம ஐடியா. போராட்டக்காரங்ககிட்ட வண்டி இருக்காது. கூட்டம் முடிஞ்ச பிறகு "வாங்க, நான் இறக்கி விடறேன்"னு ஒருத்தர் சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது? எல்லாரையும் வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு வந்தா எல்லா அட்ரஸும் கைக்கு வந்துடும். எந்தக் குழுவுலயும் ரொம்ப நல்லவர்னு பேர் வாங்குனது இந்த வேன்காரர்தான்.

சரி, பேரு எங்கேருந்து வந்துச்சு?

அந்தக் காலத்துல லண்டன்ல செயின்ட் கேத்தரின்ஸ் ஹவுஸ்னு ஒரு கட்டடம். இங்கிலாந்து, வேல்ஸ் பூராவுக்கும் பிறப்பு இறப்புப் பதிவுகளோட அட்டவணை அங்க இருந்துச்சு. தலகாணி சைஸ் புத்தகங்க. பிறப்புக்கு சிவப்பு அட்டை, கல்யாணத்துக்கு பச்சை, இறப்புக்கு கறுப்பு. யார் வேணா போய்ப் புரட்டலாம். 1970களோட ஆரம்பத்துலேருந்து இந்த ஸ்குவாட்ல சேரப்போற ஆளுக்கு முதல் வேலை அங்கதான். கறுப்புப் புத்தகத்துல, தன் வயசுக்கு ஒத்துவர்ற மாதிரி பிறந்து சின்ன வயசுலயே செத்துப்போன ஒரு பையனைத் தேடணும். கிடைச்சதும் சிவப்புப் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பையனோட பிறப்புச் சான்றிதழை வாங்கணும். அதை வச்சு லைசென்ஸ் மாதிரி மத்ததெல்லாம். சிலர் அந்தப் பையன் பிறந்த ஊருக்கே போய்த் தெருவெல்லாம் சுத்திப் பார்த்துட்டு வருவாங்க. நாளைக்கு யாராவது "நீ அந்த ஊரா? எந்தப் பக்கம்?"னு கேட்டா முழிக்கக் கூடாதே.

இந்தத் தேடலுக்கு அவங்க வச்ச செல்லப் பேரு 'ஜாக்கல்' ஓட்டம். 1971ல வந்த ஃபிரடெரிக் ஃபோர்சைத்தோட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவல்ல கொலைகாரன் பாஸ்போர்ட் எடுக்கிறது இதே வழியிலதான்.

நம்ம தொழில் பாஷையில சொல்லணும்னா பிறப்பு ஒரு டேபிள், இறப்பு ஒரு டேபிள், ரெண்டுக்கும் நடுவுல ஜாயின் கிடையாது. செத்துப்போன ஆளோட பிறப்புப் பதிவு "இவர் உயிரோட இருக்கார்"ங்கற மாதிரியே கிடக்கும். ஆனா இந்த ஓட்டையை விட என்னை உறுத்துறது வேற. ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு வாடிக்கையாளர் ஒருத்தரோட நிஜப் பேரைத் தொட்டாலே எங்களுக்கு மெமோதான். எதையாவது கற்பனையா போட்டுக்கணும். போலீசாலயும் கற்பனையா ஒரு பேர் வச்சிருக்க முடியும். சில பேர் அப்படி வச்சும் இருந்தாங்க. 2013ல வந்த போலீஸோட சொந்த அறிக்கைப்படி, கண்டுபிடிச்ச 106 பொய்ப் பேர்கள்ல 45 முழுக்க கற்பனை. 42 பேர், உறுதியாவோ அனேகமாவோ, செத்துப்போன குழந்தைங்களோடது. மீதி எப்படி வந்துச்சுன்னே தெரியல. அந்த 42 குழந்தைங்களோட அப்பா அம்மா யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல.

இப்போ ஹெலன் ஸ்டீல் கதைக்கு வர்றேன். மெக்லைபல் வழக்குன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. லண்டன் கிரீன்பீஸ்னு ஒரு சின்னக் குழு (கப்பல்ல போற அந்தப் பெரிய கிரீன்பீஸ் இல்ல, இது வேற) 1986ல மெக்டொனால்ட்ஸைத் திட்டி ஒரு துண்டறிக்கை போட்டுச்சு. கம்பெனி 1990ல அவதூறு வழக்கு போட, மத்தவங்க மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினாங்க. ஹெலன் ஸ்டீலும் டேவிட் மோரிஸும் மட்டும் மாட்டேன்னு நின்னாங்க. வக்கீல் வைக்கக் காசில்ல, அரசு உதவியும் கிடைக்கல, ரெண்டு பேரும் தாங்களே வாதாடினாங்க. 313 நாள் விசாரணை. இங்கிலாந்து வரலாற்றுலயே நீளமான வழக்குகள்ல ஒண்ணு.

இதுல ஒரு கூத்து. அந்தக் குழுவுக்குள்ள மெக்டொனால்ட்ஸே தனியார் துப்பறிவாளர்களை அனுப்பி வச்சிருந்தது விசாரணையில வெளிய வந்துச்சு. சில கூட்டங்கள்ல நிஜ உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை பேர் உளவாளிங்க. இது போக அதே குழுவுல ஸ்பெஷல் பிராஞ்ச் ஆளுங்களும் இருந்தாங்கன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஒருத்தர் பேரு பாப் ராபின்சன். நிஜப் பேரு பாப் லாம்பர்ட். வழக்குக்குக் காரணமான அந்தத் துண்டறிக்கையை எழுதினதுல அவருக்கும் பங்கு உண்டுன்னு 2013ல தெரிய வந்துச்சு. போப்பே சார்ஜெண்ட் ஞாபகம் வர்றாரா? 150 வருஷம் கழிச்சும் அதே வேலை. உள்ள இருக்கிற ஆள் சும்மா வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்க முடியாது. சும்மா இருந்தா சந்தேகம் வரும், அதனால பேனாவை வாங்கி எழுதித்தான் ஆகணும்.

இன்னொருத்தர் பேரு ஜான் பார்க்கர். ஹெலனுக்கு நண்பர். 1990ல ஒருநாள், அம்மா இறந்துட்டாங்க, சாவுக்கு நியூசிலாந்து போகணும், பணம் இல்லன்னு வந்து நின்னார். ஹெலன் கடன் கொடுத்தாங்க. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி மனசு விட்டுப் பேசினாங்க, திரும்பி வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து வாழ ஆரம்பிச்சாங்க. நியூசிலாந்துல சாவே நடக்கலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் போச்சு. 1992ல பார்க்கருக்கு மனசு சரியில்லாமப் போச்சு, அல்லது போன மாதிரி நடிச்சார். கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு சொல்லிட்டுக் காணாமப் போனார். தென்னாப்பிரிக்காவுலேருந்து ஒரு கடிதம் வந்துச்சு, அவ்வளவுதான்.

இது அவர் மட்டும் செஞ்சதில்ல. ஆளை வெளிய எடுக்கிறதுக்கு அந்த ஸ்குவாட் வச்சிருந்த வழக்கமான டெக்னிக்கே இதுதான். முதல்ல மன அழுத்தம், அப்புறம் வெளிநாடு, அப்புறம் வெளிநாட்டு முத்திரையோட ஒரு கடிதம். திடீர்னு காணாமப் போனா தேடுவாங்க, இப்படிப் போனா தேட மாட்டாங்கன்னு கணக்கு.

ஹெலன் தேடினாங்க. தற்கொலை பண்ணிக்கிட்டாரோன்னு பயம். சொந்தக்காரங்களையாவது பிடிக்கலாம்னு செயின்ட் கேத்தரின்ஸ் ஹவுஸ் போய் ஜான் பார்க்கரோட பிறப்புப் பதிவைக் கண்டுபிடிச்சாங்க. அதுல இருந்த அட்ரஸுக்கும் போனாங்க, அங்க யாரும் இல்ல. 1994, மெக்லைபல் விசாரணை ஆரம்பிச்ச வருஷம். கோர்ட்லேருந்து அந்தக் கட்டடம் நடக்கிற தூரம்தான். எதுக்கும் கறுப்புப் புத்தகத்தையும் பார்த்துடலாம்னு பார்த்தாங்க.

ஜான் பார்க்கர் 1968லயே செத்துப் போயிருந்தான். எட்டு வயசு. ரத்தப் புற்றுநோய்.

அந்த இடத்துல ஒருத்தரோட மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பார்க்கறேன், முடியல. ரெண்டு வருஷம் கூட வாழ்ந்த ஆளோட பேரு கூடத் தெரியாது. யாரைத் தேடறதுன்னே தெரியாது. சினிமாவா இருந்தா இந்த இடத்துல இடைவேளை விட்டிருப்பாங்க. அவங்க மறுபடி கோர்ட்டுக்குப் போய் மெக்டொனால்ட்ஸோட சாட்சிகளைக் குறுக்கு விசாரணை பண்ண வேண்டியிருந்துச்சு.

போலீஸ் தன் ஆளை ஒளிச்சு வைக்கப் பயன்படுத்தின அதே புத்தகத்தாலதான் மாட்டிக்கிச்சு, கவனிச்சீங்களா. சிவப்புப் புத்தகத்துலேருந்து கறுப்புப் புத்தகத்துக்கு எந்த ஆபீஸும் போடாத ஜாயினை அவங்க கையால போட்டாங்க. அவரோட நிஜப் பேரு ஜான் டைன்ஸ், போலீஸ்காரர், ஏற்கனவே கல்யாணம் ஆனவர்னு கண்டுபிடிக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் சொன்னா யார் நம்பியிருப்பாங்க? பைத்தியம்னுதான் சொல்லியிருப்பாங்க.

நம்ப வச்சது 2010. மார்க் ஸ்டோன்னு ஒரு சுற்றுச்சூழல் போராளி, ஏழு வருஷமா எல்லாப் போராட்டத்துலயும் முன்னாடி நிப்பார். இத்தாலியில ஒரு பயணத்தப்போ அவரோட வண்டியில காதலி எதையோ தேட, மார்க் கென்னடிங்கற பேர்ல ஒரு பாஸ்போர்ட் கிடைச்சுது. ஏழு வருஷ ரகசியம், வண்டியில ஒரு கையுறைப் பெட்டி. அக்டோபர்ல நண்பர்கள் உக்கார வச்சுக் கேட்டதும் ஒத்துக்கிட்டார். 2011 ஜனவரியில அவர் உளவு பார்த்த மின் நிலைய வழக்கு ஒண்ணு கோர்ட்ல சரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தி அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கா. உறவு சரியில்லன்னு அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு கவுன்சிலிங் வேற போயிருக்கா, அந்த ஆளும் வந்து உக்காந்து பேசியிருக்கார். பாப் லாம்பர்ட்டுக்கும் ஒரு போராளிப் பெண்ணுக்கும் 1985ல குழந்தையே பிறந்திருக்கு. போலீஸ் தேடுது, தலைமறைவாகணும்னு சொல்லிட்டுப் போனவர் போலீஸ்தான்னு அந்தம்மா 2012ல பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க. 2014ல லண்டன் போலீஸ் அவங்களுக்கு 4,25,000 பவுண்டு கொடுத்துச்சு. நடுவுல 2008ல லாம்பர்ட்டுக்கு போலீஸ் சேவைக்காக எம்.பி.ஈ. பட்டம்.

இதையெல்லாம் விட ஊரைக் கொதிக்க வச்சது ஸ்டீபன் லாரன்ஸ் விஷயம். 1993ல பஸ் ஸ்டாப்புல நின்ன 18 வயசு கறுப்பினப் பையனை வெள்ளைக்காரக் கும்பல் குத்திக் கொன்னுச்சு. அந்தக் குடும்பம் நியாயம் கேட்டுப் போராடினப்போ, அவங்க பேரைக் கெடுக்க ஏதாவது கிடைக்குமான்னு தேடச் சொன்னாங்கன்னு பீட்டர் ஃபிரான்சிஸ்ங்கற முன்னாள் ஸ்குவாட் ஆள் 2013ல போட்டு உடைச்சார். செத்துப்போன ஒரு குழந்தை பேர்ல வாழ்ந்தது அதோட சமாதியை மிதிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னவரும் இவர்தான். அந்தக் கூட்டத்துலேருந்து தானா வெளிய வந்து பேசினதால இவர் மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அண்டர்கவரே கூடாதுன்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல ஜோ பிஸ்டோன் 1976லேருந்து 1981 வரைக்கும் நியூயார்க் மாஃபியாவுக்குள்ள இருந்து, 100 பேருக்கு மேல தண்டனை வாங்கிக் கொடுத்தார். அங்க எதிர்ல இருந்தது கொலைகாரங்க, கடைசியில எல்லாம் கோர்ட்டுக்கு வந்துச்சு, வக்கீல் அவரைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டார். இந்த முடிக்காரங்க எழுதினது கோர்ட்டுக்குப் போகவே இல்ல, ஃபைலுக்குத்தான் போச்சு. யார் கூட்டத்துக்கு வந்தா, யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுல குழந்தை பிறந்திருக்கு. 40 வருஷத்துல 1000க்கு மேல குழுக்கள்.

2015 நவம்பர்ல லண்டன் போலீஸ் ஹெலன் உட்பட ஏழு பெண்கள்கிட்ட பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. அதே வருஷம் அரசு அமைச்ச விசாரணைக் கமிஷன், 2023 ஜூன்ல முதல் அறிக்கை கொடுத்துச்சு. 1968லேருந்து 1982 வரைக்கும் இந்த ஸ்குவாட் நுழைஞ்ச குழுக்கள்ல அந்த அளவுக்கு உளவு பார்க்க நியாயம் இருந்தது மூணே மூணுக்குத்தான்னும், நடந்தது வெளிய தெரிஞ்சிருந்தா 70களோட ஆரம்பத்துலயே மூடியிருப்பாங்கன்னும் நீதிபதி ஜான் மிட்டிங் எழுதினார். 1833 கமிட்டி சொன்னதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரமில்ல, நடுவுல 190 வருஷம்.

குழந்தைங்க விஷயத்துல 2013லயே கமிஷனர் பொதுவா ஒரு வருத்தம் சொன்னார். ஆனா எந்தக் குழந்தை பேருன்னு அந்தந்தக் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்னுட்டார். சொன்னா தன் ஆளுங்களுக்கு ஆபத்தாம். குடும்பங்களுக்கு முறைப்படி தகவல் போக, விசாரணைக் கமிஷன் வர வேண்டியிருந்துச்சு.

ஜான் டைன்ஸ் ஆஸ்திரேலியாவுல இருக்கார்னு ஹெலனுக்குத் தெரிஞ்சுது. ஒரு பல்கலைக்கழகத்துல போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. பயிற்சிக்கு வந்தவங்கள்ல நம்ம இந்திய அதிகாரிகளும் உண்டு. 2016ல டிக்கெட் போட்டு சிட்னிக்குப் போனாங்க. விமான நிலையத்துல அவர் முன்னாடி போய் நின்னாங்க, 24 வருஷம் கழிச்சு. மன்னிச்சுக்கோன்னு சொன்னார்.